நாற்பத்தொன்றாவது பொருள்

இது நடந்தது போன நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்தைய தை மாதம், பொங்கல் முடிந்த மறுவாரம். காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நான் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் என் பெயரையே சொன்ன மாதிரி ஆகிவிடும். இந்தக் கதையில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

எனக்குக் கொடுத்திருந்தது கூட்டப் பிரிவு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒன்றியக் குழு கூடும். சாலையோ, குடிநீர்த் தொட்டியோ, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரோ, எதுவாக இருந்தாலும் அந்தக் கூட்டத்தில் உறுப்பினர்கள் தீர்மானம் போட்டால்தான் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும். எந்த விஷயம் முதலில் வர வேண்டும், எது பின்னால் வர வேண்டும் என்று எண் போட்டு அச்சடித்து, உறுப்பினர்களுக்கு ஒரு வாரம் முன்னாடியே அனுப்ப வேண்டும். அஜெண்டா என்று எல்லோரும் சொல்வது அதைத்தான்; அதில் ஒவ்வொரு விஷயமும் ஒரு 'பொருள்'. அதைத் தயாரிப்பது என் வேலை.

அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் அஜெண்டாவில் ஒரு பிழை இருக்காது. கோப்பு எண், தேதி, ஊர்ப் பெயர் எல்லாம் சுத்தமாக இருக்கும். வேறு ஒன்றியத்திலிருந்து மாதிரிக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். அது மட்டுமில்லை, மனு கொடுத்தவர் யாராக இருந்தாலும், அவர் விஷயம் கூட்டத்தில் என்ன ஆயிற்று என்று ஒரு பதில் கடிதம் என் கையால் போய்விடும். யாரையும் நான் அலைய விட்டதில்லை என்று வீட்டில்கூடச் சொல்லிச் சொல்லி என் கணவருக்குக் காது புளித்துப் போயிருந்தது.

கூட்டம் எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினொரு மணிக்கு என்று போட்டால் பதினொன்றரைக்குத் தொடங்கும். ஒரு மணிக்குச் சரியாகப் பிரியாணி வண்டி வந்து வாசலில் நிற்கும். வாசனை உள்ளே வந்ததும் நாற்காலிகள் நகர ஆரம்பிக்கும். சாப்பிட்டு முடித்துவிட்டு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்த உறுப்பினரை என் பதினெட்டு வருட சர்வீஸில் நான் பார்த்ததில்லை. அதுவரை எத்தனை முடிந்ததோ அத்தனைதான். மீதிக்கெல்லாம் 'நேரமின்மையால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவோம்.

அந்தத் தை மாதக் கூட்டத்துக்கு வேறு ஒரு நெருக்கடி இருந்தது. இன்னும் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் தேர்தல் தேதி அறிவித்துவிடுவார்கள். அறிவித்த நிமிடத்திலிருந்து நடத்தை விதி. புதிதாக எந்த வேலையும் எடுக்கக் கூடாது. ஓட்டு எண்ணி முடித்து, எல்லாம் பழைய நிலைக்கு வரவே ஆனி ஆகிவிடும். அதற்குப் பிறகு தீர்மானம், டெண்டர் என்று போனால் மழைக்காலம் வந்து கதவைத் தட்டும். ஆகவே இந்தக் கூட்டத்தில் நிறைவேறி, விதி வருவதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டால் தப்பித்தது. இல்லாவிட்டால் அந்த வருடமே போயிற்று. இது தெரிந்து எல்லாப் பிரிவும் தங்கள் கோப்புகளைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார்கள். மொத்தம் நாற்பத்தொரு பொருள் சேர்ந்தது. அடுக்கி, அச்சடித்து, ஒன்றியக் குழுத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, ஜெராக்ஸ் எடுத்து நூலால் கட்டி வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் உறுப்பினர்களுக்குப் போக வேண்டியது.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணி இருக்கும். நான் தயிர்சாத டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து என் மேசை முன்னால் நின்றார். முப்பது வயது இருக்கும். எனக்குத் தெரிந்த முகம்தான். ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர். நடவு, களையெடுப்பு, செங்கல் சூளை என்று கிடைத்த கூலி வேலைக்குப் போகிறவர். ஒவ்வொரு கூட்டத்தன்றும் எங்கள் அலுவலக வாசல் வேப்ப மரத்தடியில் வந்து உட்கார்ந்திருப்பார். கூட்டம் முடிந்து கார்கள் கிளம்பிய பிறகு எழுந்து போவார். ஒருநாளும் உள்ளே வந்து சத்தம் போட்டதில்லை.

அவர்கள் கேட்டது ஒரு சிறு பாலம். ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறுகிற கலங்கல் வழிந்தால் அந்தத் தண்ணீர் போகிற கால்வாய்க்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு, இந்தப் பக்கம் ஊர், வயல், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் எல்லாம். கோடையில் இறங்கி ஏறிவிடலாம். ஐப்பசியில் முடியாது. இடுப்புக்கு மேல் தண்ணீர் ஓடும். ஊராட்சியின் கடிதம், பொறியாளரின் மதிப்பீடு, தடையில்லாச் சான்று எல்லாம் அந்தக் கோப்பில் ஒழுங்காக இருந்தன. தீர்மானம் ஒன்றுதான் பாக்கி.

அவர் கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள்ளிருந்து ஏழு காகிதங்களை எடுத்து என் மேசையில் வரிசையாக வைத்தார். எல்லாம் நான் அனுப்பிய பதில் கடிதங்கள். தங்கள் கோரிக்கை பொருள் எண் இத்தனையாகக் கூட்டத்தில் வைக்கப்பட்டு, நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது. ஏழிலும் அதே வரி. எண் மட்டும் வேறு வேறு. ஒவ்வொரு எண்ணையும் பென்சிலால் சுழித்து வைத்திருந்தார். முப்பத்துநான்கு, முப்பத்தெட்டு, இருபத்தொன்பது என்று போயிற்று.

அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இந்த நம்பருக்கு மேல நம்பர் கீதா மா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அஜெண்டாவில் இதற்குப் பின்னாலும் யாருடைய விஷயமாவது இருந்ததா, இல்லை நாங்கள்தான் கடைசியா என்று கேட்கிறார் என்று புரிந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் அஜெண்டாவைப் பற்றி என்னிடமே கேள்வியா? எல்லாம் விதிப்படிதான் நடக்கிறது, வரிசை என்று ஒன்று இருக்கிறது, சும்மா வந்து நின்றால் முன்னால் தூக்கிப் போட முடியாது என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவர் பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை. காகிதங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

"ரேஷன் கடையில சரக்கு தீந்துட்ச்சின்னா, நேத்து நின்னுட்டுப் போனவங்களத்தான் இன்னிக்கு மொதல்ல கூப்புடுவாங்க. இங்க இன்னாமா, நேத்து நின்னவங்களத் திரும்பவும் கடைசியில நிக்க வெக்கிறீங்க?"

பிறகு மெதுவாக, போன ஐப்பசியில் அவர் வீட்டுக்காரர் அரிசி மூட்டையோடு கால்வாயில் இறங்கியதைச் சொன்னார். தண்ணீர் அடித்துக்கொண்டு போயிற்று. நல்லவேளையாக ஒரு நாணல் புதர் கையில் மாட்டியது. உயிர் பிழைத்தார். ஆனால் பாறையில் மோதிக் கால் முறிந்து, இன்றைக்கும் மூட்டை தூக்க முடியாது. "இந்த ஐப்பசிக்கு இன்னோர்த்தர் எறங்கணும். அது நானாத்தான் இருக்கும்" என்றார். அழவில்லை. நாளைக்கு எந்த வயலில் வேலை என்று சொல்வதுபோல் சொன்னார்.

உட்காரச் சொன்னேன். பீரோவைத் திறந்து பழைய ஏழு அஜெண்டாக்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினேன். முதல் தாளில் கடைசி எண் முப்பத்துநான்கு. அது அவர்கள் பாலம். இரண்டாவதில் கடைசி எண் முப்பத்தெட்டு. அதுவும் பாலம். ஏழிலும் அதேதான். முகத்தில் ஈ ஆடவில்லை என்பார்களே, அப்படி உட்கார்ந்திருந்தேன்.

எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க வெகு நேரம் ஆகவில்லை. நான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிதாக அஜெண்டா அடிப்பதில்லை. போன கூட்டத்து ஃபைலையே கம்ப்யூட்டரில் திறப்பேன். முடிந்ததை அழிப்பேன். அழித்த இடத்தில் புதிதாக வந்ததை நிரப்புவேன். தீர்மானமாகாத மீதி, கீழே தானாக நிற்கும். அடுத்த முறையும் அப்படியே. ஒரு தடவை பிரியாணி வண்டிக்குப் பின்னால் போன விஷயம் பிறகு எந்தக் காலத்திலும் முன்னால் வர வழியே இல்லை. இதற்கு ஒரு விதியும் கிடையாது. எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. என் சௌகரியத்துக்கு நானே ஏற்படுத்திக்கொண்ட பழக்கம், அவ்வளவுதான். பாலம் மட்டுமில்லை, அதைப் போல இன்னும் ஐந்து விஷயங்கள் அடியில் கிடந்தன. கட்டி வைத்திருந்த புது அஜெண்டாவைப் பிரித்துப் பார்த்தேன். பொருள் எண் நாற்பத்தொன்று, பாலம்.

வெட்கமாக இருந்தது. ஒரு அரை மணி முன்னால் அந்தப் பெண்ணிடம் விதி, வரிசை என்று பேசிய பேச்சை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தப்பு என்னுடையதுதான், மாற்றிவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. கடிதங்களை எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தன்றைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நேராக எங்கள் மேலதிகாரியான பி.டி.ஓ. அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ள மாட்டார். தலைவர் கையெழுத்துப் போட்ட அஜெண்டாவில் ஒரு எழுத்தைக்கூட நாம் மாற்ற முடியாது, கூட்டத்தன்று பார்த்துக்கொள்ளலாம் என்றார். கூட்டத்தன்று என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும், ஒரு மணிக்கு வண்டி வரும். தலைவரிடம் மறுபடி கையெழுத்து வாங்கி வந்தால் சம்மதமா என்று கேட்டேன். உன் சாமர்த்தியம் என்றார். அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தேன். நின்றுபோன ஆறையும் மேலே போட்டேன். அதில் அதிக நாள் காத்திருந்தது முதல் எண். பாலம் ஒன்றாம் பொருள் ஆயிற்று. மற்றதெல்லாம் கீழே இறங்கியது. யாரையாவது கடைசியில் வைத்துத்தான் ஆக வேண்டும். புதிதாக வந்த விஷயங்களின் பட்டியலைப் பார்த்தேன். எங்கள் தெருச் சாக்கடைக் கால்வாய் அதில் இருந்தது. ஒரு வருடமாக நாங்கள் தெருவாசிகள் கையெழுத்துப் போட்டு வாங்கிய வேலை. அதை எடுத்து நாற்பத்தொன்றில் வைத்தேன். பெரிய தியாகம் என்று நினைக்க வேண்டாம். அந்த நேரத்தில் இன்னொரு ஊர்ப் பெயரை அந்த இடத்தில் அடிக்கக் கை வரவில்லை.

தலைவர் அன்றைக்கு அறுவடையில் இருந்தார். என் ஸ்கூட்டியை வரப்பு ஓரத்தில் நிறுத்திவிட்டுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அறுப்பு இயந்திரம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் தலையில் துண்டோடு நெல் தூசிக்கு நடுவே நின்றிருந்தார். புதுத் தாளை நீட்டியதும் முகம் மாறியது.

"இன்னாமா இது, கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு. உறுப்பினருங்ககிட்டலாம் உங்க விஷயம்தான் மொதல்லன்னு நானே சொல்லி வெச்சிருக்கேன். இப்போ மாத்தினா எல்லாரும் எம்மேலதான் பாய்வாங்க."

நான் சுற்றி வளைக்கவில்லை. தப்பு என்னுடையது, ஏழு கூட்டமாக நடக்கிறது, என் பழக்கத்தால் ஆறு ஊர்க்காரர்கள் அடியிலேயே கிடக்கிறார்கள் என்று சொன்னேன். பழைய ஏழு தாள்களையும் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

"ஏழு கூட்டமா யாரும் கேக்கலியா?"

"அந்தப் பொண்ணு ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து உக்காந்துதான் இருந்தாங்க, தலைவரே. நான்தான் இன்னான்னு கேக்கல."

அவர் தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் அந்த வேப்ப மரத்தடியைத் தாண்டித்தானே காரில் போய்வந்தார். பிறகு டிராக்டர் பானெட் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டார். மொத்த நாற்பத்தொன்றையும் அன்றைக்கே முடித்துக் கொடுக்க வேண்டும், ஒன்றுகூட நிற்கக் கூடாது, யாருடையது நின்றாலும் அவர்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகட்டும் என்றேன். ஸ்கூட்டியை எடுக்கும்போதுதான் யோசித்துப் பார்த்தேன். இருபத்தைந்து தாண்டி ஒரு கூட்டம் போனதே எனக்கு நினைவில் இல்லை.

அந்த ஒரு வாரம் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாற்பத்தொரு எண்ணையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று போட்டுப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் ஆறு மணி நேரம் வந்தது. முடியவே முடியாது. ஆனால் எங்கெங்கே நேரம் வீணாகிறது என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே. சும்மா படித்துவிட்டுப் போகிற தகவல் கடிதங்கள் பதினொன்று இருந்தன; அவற்றை இணைத்து முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுத்து, கூட்டத்தில் ஒரே வாசிப்பில் முடிப்பது என்று தலைவரிடம் போனில் சம்மதம் வாங்கினேன். பொறியாளர் ஒவ்வொரு முறையும் மதிப்பீட்டைத் தேடியே அரை மணியைத் தின்பார். முந்தைய நாள் சாயங்காலம் அவரை என் எதிரில் உட்கார வைத்து எண் வாரியாக அடுக்க வைத்தேன். என்ன மேடம், பரீட்சைக்கு உட்கார வைக்கிறீர்கள் என்று முணுமுணுத்தார். சண்டை போடக்கூடிய மூன்று விஷயங்களுக்கு அந்தந்த உறுப்பினர்களுக்குப் போன் செய்து, கோப்பை முன்கூட்டியே வந்து பார்த்துவிட்டுச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு பேர் வந்தார்கள்.

கடைசியாகப் பிரியாணிக் கடை. ஒரு மணிக்கு வேண்டாம், இரண்டரைக்கு வண்டி வந்தால் போதும் என்று சொன்னேன். கடைக்காரர் நம்பவில்லை. உறுப்பினருங்க நாஷ்டா சாப்ட்டு வந்திருப்பாங்களா மேடம், பசியில நம்ம மேல பாய்வாங்களே என்றார். காலையில் பதினொன்றரைக்குச் சுண்டலும் டீயும் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டேன். அதுவும் உட்கார்ந்த இடத்திலேயே.

கூட்டத்தன்று காலை தலைவர் பத்தே முக்காலுக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் உள்ளே வந்தார்கள். பதினொன்று ஐந்துக்கு ஒன்றாம் பொருளைப் படித்தேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஓர் உறுப்பினர் எழுந்தார். தன் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவர் இரண்டாவதாக வரும் என்று சொல்லியிருந்தார்களே, எட்டாவதாக எப்படிப் போயிற்று என்று கேட்டார். தலைவர், ஏழு கூட்டமாக நின்றது முன்னால் வந்திருக்கிறது, உங்களுடையது இன்றைக்கு முடியாவிட்டால் என்னைக் கேளுங்கள் என்றார். உறுப்பினர் உட்கார்ந்தார். பொறியாளர் இரண்டு வாக்கியம் சொன்னார். ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை. நிறைவேறியது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் ஆகியிருந்தது. ஏழு கூட்டம், ஒரு மழைக்காலம், ஒரு மனிதனின் கால், எல்லாம் நான்கு நிமிடத்து வேலைக்காகக் காத்துக் கிடந்திருக்கின்றன. அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கைச் சிந்துவதுபோல் பாவனை செய்து சமாளித்தேன்.

டீ கொடுக்கும்போது இரண்டு நிமிடம் வெளியே ஓடினேன். அந்தப் பெண் வேப்ப மரத்தடியில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நிறைவேறிவிட்டது என்றேன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"நோட்டுல எய்திட்டாங்களா?"

எழுதியாயிற்று, நானே எழுதினேன், தலைவர் சுருக்கொப்பம் போட்டாயிற்று என்றேன். அப்போதுதான் ஒரு பெருமூச்சு வந்தது. பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே திரும்பப் போகையில் கூப்பிட்டார்.

"எங்க எடத்துல இப்போ யாரு கீறாங்க?"

கடைசி இடத்தைக் கேட்கிறார். எங்கள் தெருதான், சாக்கடைக் கால்வாய் என்று சொன்னேன். அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதையும் முடிச்சிட்டு வாங்கமா. நான் உக்காந்துக்கினு கீறேன்" என்றார்.

உள்ளே வேலை ஓடியது. பன்னிரண்டரைக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. ஒரு மணிக்கு இருபத்துமூன்று. அப்போது சன்னல் வழியாகப் பார்த்தால், பிரியாணி வண்டி கேட்டுக்கு வெளியே வந்துகொண்டிருக்கிறது. இரண்டரைக்குச் சொல்லியும், டிரைவர் பழக்க தோஷத்தில் ஒரு மணிக்கே கொண்டுவந்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் எழுந்து போனால் வாசிப்பு நின்றுவிடும். வண்டி உள்ளே வந்தால் கூட்டமே நின்றுவிடும்.

மரத்தடியில் இருந்த பெண் எழுந்து கேட்டுக்கு நடுவே போய் நின்றதைப் பார்த்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார். அவர் நகரவில்லை. கையைக் காட்டி ஏதோ சொன்னார். டிரைவர் இறங்கி வந்து வாக்குவாதம் செய்தார். அவர் பேசாமல் எங்கள் கூட்ட அறைப் பக்கம் கையைக் காட்டிக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரத்தில் வண்டி பின்னால் போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரைஸ்மில் சுவர் ஓரம் நின்றது. காற்றும் அன்றைக்கு எங்கள் பக்கம் வீசவில்லை. என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். உள்ளே சோறு போனால் உறுப்பினர்கள் வெளியே வந்துவிடுவார்கள், ஏழு தடவை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன் என்று சொன்னாராம். கூட்டத்தின் ரகசியம் எனக்குப் பதினெட்டு வருடத்தில் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இரண்டே முக்காலுக்கு நாற்பதாவது பொருள் நிறைவேறியது. நாற்பத்தொன்றைப் படிக்க நான் எழுந்தேன். அதற்குள் இரண்டு உறுப்பினர்கள் கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டும் என்று கிளம்பினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் மூன்று பேர். ஆள் எண்ணிக்கை குறைந்தது. குறைந்தால் தீர்மானம் செல்லாது. தலைவர் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு நின்னுட்ச்சேமா. யாருது அது?"

"எங்க தெருதான், தலைவரே."

பசியில் வாடியிருந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். நான் வழக்கமான வரியை எழுதினேன். நேரமின்மையால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அந்த வரியை நூறு தடவை எழுதியிருப்பேன். அன்றைக்குத்தான் எழுதும்போது கை நின்றது.

பாலத்துக்கு உடனே டெண்டர் விட்டார்கள். மாசிக் கடைசியில் வேலை உத்தரவு போய், குழி தோண்டி முடித்த பிறகுதான் தேர்தல் தேதி வந்தது. தொடங்கின வேலை என்பதால் நிற்கவில்லை. ஆடிக்குள் முடிந்துவிட்டது. எங்கள் தெருச் சாக்கடை மட்டும் அப்படியே கிடந்தது. ஆறு மாதம் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டினேன். விஷயம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரி, உங்க ஆபீசுல உங்களுக்கே செல்வாக்கு இல்லியா என்று கேட்டாள். ஒவ்வொரு நாளும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் நாற்றம்தான், தண்ணீர் இல்லையே. தேர்தல் முடிந்து கூடிய முதல் கூட்டத்தில் அது ஒன்றாம் பொருளாக வந்தது. இப்போது எங்கள் அலுவலகத்தில் நின்றுபோனது முன்னால் வரும் என்பது எழுதாத வழக்கம். ஃபைலைத் திறந்து அழித்து நிரப்புவதை நான் விட்டுவிட்டேன்.

அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பிவிட்டது என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடையோடு போய்ப் பார்த்தேன். கலங்கல் வழிந்து கால்வாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் அந்தப் பெண்ணின் கணவர் ஒரு கையில் கம்பும் இன்னொரு கையில் ரேஷன் பையுமாக, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனார். நனையவில்லை. அந்தப் பெண் பின்னால் வந்தார். என்னைப் பார்த்ததும் நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். வீட்டுக்குள் போய் அந்தத் துணிக்கடைப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "இனிமே எங்களுக்கு இன்னாத்துக்கு, நீங்களே வெச்சிக்கோங்கமா" என்றார். உள்ளே அந்த ஏழு கடிதங்கள், பென்சில் சுழியோடு.

அவை இன்றைக்கும் என் மேசை முதல் இழுப்பறையில் இருக்கின்றன. யாருக்கும் நான் இல்லை என்று சொன்னதே கிடையாது என்று அத்தனை வருடம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், கடைசியில் நிற்க வைத்தே ஒருவரை ஏழு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்பது தெரியாமல். அதனால்தான் இப்போதெல்லாம் காலையில் வந்து உட்கார்ந்ததும், கோப்புக் கட்டின் மேலே இருப்பதைத் தொடாமல் அடியில் கிடக்கிற காகிதத்தைத்தான் முதலில் உருவிப் பார்க்கிறேன். அதற்குரியவர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார் என்றே இன்றுவரை எனக்குத் தோன்றுகிறது.